வாய் திறவாமை

கிரிம்ஸ்பியில், கம்பளக் கடைக்கு மேல்மாடி.
படியேறக் கூடாதென்று யாரும் சொல்லவில்லை.
ஆனாலும் ஒவ்வொரு படியிலும் நின்று
உள்ளே காது கொடுத்துவிட்டுத்தான்
அடுத்த காலைத் தூக்குகிறேன்.
தொண்ணூற்றைந்து பவுண்டு. ரொக்கம்.
கார்டில் கொடுத்தால்
ரோரியின் போனில் மணி அடிக்கும்.

அரசு மருத்துவமனையிலும் அளக்கிறார்கள்.
"நன்றாக இருக்கிறது, இரண்டு வாரம் கழித்து வா"
என்றார் மருத்துவர். நல்லவர்தான்.
கோப்பை மூடும்போதே அடுத்தவளின் பெயர்
அவர் உதட்டில் இருந்தது.
இரண்டு வாரத்தில் பதினான்கு இரவுகள்.
அதை எந்தக் கோப்பில் எழுதுவது?

போன தடவையும் நன்றாகத்தான் இருந்தது.
பத்தொன்பதாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை,
வலிகூட இல்லை.
யாரோ பின்கதவைத் தாழிடாமல்
போய்விட்ட மாதிரி.

கருப்பை வாய் என்கிறோம்.
வாய் என்றால் திறக்கத்தானே செய்யும்
என்று மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு
நினைப்பேன்.
ஒன்பது மாதம் ஒரு வார்த்தை பேசாமல் இரு,
உனக்குக் கோடிப் புண்ணியம்
என்று கெஞ்சுவேன்.
அதற்குத் துணையாக
என் வாயையும் மூடிக்கொண்டேன்.
ரோரியிடம், அவன் அம்மாவிடம்,
பல் தேய்க்கும்போது கண்ணாடியிடம்கூட.

முப்பத்தெட்டு. முப்பத்தாறு. முப்பத்தேழு. முப்பத்தேழு.

வேலை எனக்கு இரும்புச் சாமான் கடையில்.
திங்கட்கிழமை மிஸ்டர் ஆக்ரொய்ட் வந்து
முப்பத்தைந்து மில்லிமீட்டர் திருகாணி
ஒரு பெட்டி கேட்டார்.
எடுத்த ஆணியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபடி
நின்றுவிட்டேன்.
இவ்வளவுதானா?
இவ்வளவை நம்பியா ஒரு முழு மனுஷி
உள்ளே தொங்கிக்கொண்டிருக்கிறாள்?
"துருவா அதில்?" என்றார் அவர்.
இல்லை என்று தலையாட்டினேன்.

ஐந்தாவது தடவை முப்பத்தொன்று.

"மறுபடி பாருங்கள்" என்றேன்.
இஃபியோமா பார்த்தாள். முப்பத்துநான்கு.
மறுபடி. முப்பத்திரண்டு.
திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு கடற்கரை,
அதன் குறுக்கே
இரண்டு கூட்டல் குறிக்கு நடுவில்
ஒரு புள்ளிக்கோடு.
"நீ மூச்சை அடக்கினால் ஓர் எண்.
நான் கொஞ்சம் அழுத்தினால் வேறோர் எண்.
இரண்டு மூன்று மில்லிமீட்டர்
என் கையிலேயே இருக்கிறது, மெரியல்.
எல்லாம் சரியான அளவுதான்.
ஆனால் இன்றைக்கு உள்ளதைத்தான்
இது சொல்லும்.
நீ தேடி வருவது நாளையை."

சொல்லிவிட்டுக்
கோலில் மாட்டிய உறையைக் கழற்றி எறிந்தாள்.
பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டாள்.
வாங்காமல் விட்டிருந்தால்
பயந்து செத்திருப்பேன்.

அன்று இரவு ரோரி
குழாயடியில் குந்தி எதையோ முடுக்கிக்கொண்டிருந்தான்.
அவன் முதுகைப் பார்த்துச் சொன்னேன்:
நானூற்று எழுபத்தைந்து பவுண்டு.
கம்பளக் கடை. மேல்மாடி. முப்பத்தொன்று.
ஒரே மூச்சில் எல்லாம் கொட்டியது.
வாய் திறந்துகொண்டதே என்று
கை தானாக அடிவயிற்றுக்குப் போனது.
அங்கே ஒன்றும் ஆகவில்லை.

அவன் திரும்பவில்லை.
ஸ்பேனரைத் தரையில் வைக்கும் சத்தம் மட்டும்.
"ராத்திரி நீ பாத்ரூம் போகும்போதெல்லாம்
கதவுக்கு வெளியே நின்று எண்ணுவேன்" என்றான்.
"நூறுக்குள் தண்ணீர் திறக்கிற சத்தம் கேட்டால்
ஓடிவந்து படுத்துக்கொள்வேன்."
"கேட்காவிட்டால்?"
"மறுபடி ஒன்றிலிருந்து."

எத்தனை இரவு எங்களுக்கு நடுவில்
ஒரு பலகைக் கதவு
இரண்டு பக்கமும் நெருப்பைச் சுமந்தபடி
சும்மா நின்றிருக்கிறது.

தைரியம் வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.
இருபத்தொன்று முடிய இன்னும் மூன்று நாள்.
வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன்,
நாளையைக் கேட்க மாட்டேன் என்று
எனக்கே சத்தியம் செய்துவிட்டு.
கேட்பேன்.
ரோரியும் வருகிறான்.
இந்த முறை கார்டில் கொடுக்கப்போகிறேன்.
பக்கத்து நாற்காலியில்
அவன் சட்டைப் பையில் மணி அடிக்கும்.
அடிக்கட்டும்.